தீயை முந்திய கம்பி



ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தவுடன் முதலில் தேவைப்படுவது செய்தி. நீர் அதற்குப் பின்னரே தேவைப்படும். நீர் கொண்டு வருவோரை அழைப்பதற்கும் செய்தி வேண்டும். உறங்குவோரை எழுப்பி வெளியேற்றுவதற்கும் செய்தி வேண்டும். தீயினும் செய்தி விரைந்து சென்றால் உயிர்கள் தப்பும். செய்தியினும் தீ விரைந்து சென்றால் பின்னர் வரும் நீரினால் ஆகக்கூடியது சிறிதே.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஊர்களிலே பறையறைந்தனர், கோயில்களிலே மணியடித்தனர். நமது மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்த தப்பு, ஆபத்து வேளையிலும் மக்களைக் கூட்டவல்லதாய் இருந்தது. ஆயினும் இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. பறையொலி காதுக்கு எட்டுந் தூரம் வரையே செல்லும்; அதனை அறைபவன் விழித்திருத்தலும் வேண்டும். ஆளில்லாத அறையில் தோன்றிய தீயை, தொலைவில் உறங்குபவனுக்கு உரைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையாக வந்ததே மின்கம்பி. அக்கம்பி எவ்வளவு தடிப்பாய் இருத்தல் வேண்டும், அதன் மேலுறை எத்துணை வோல்ற்று அழுத்தத்தைத் தாங்குதல் வேண்டும் என்னும் அறிவை மனித குலம் எவ்வாறு பெற்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பொறியியலாளர் பேசவேண்டிய விடயத்தை வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர் பேசப் புகுவது ஏன் என்று நேயர்கள் வினவலாம். இந்த வரலாற்றிலே வரும் பெருமக்களுட் பலர் பொறியியலாளர் அல்லர். சிலர் பாடசாலை ஆசிரியர், சிலர் மருத்துவர். அன்றியும், தீ அறிவிப்பு மணியைப் பொருத்துபவர் மின்வினைஞராயினும், அது வேண்டும் என்று கேட்பவரும், சரியாக இயங்குகின்றதா என்று பார்ப்பவரும் அதிபர்களும், விடுதிப் பொறுப்பாளர்களும், தொழிற்சாலை அலுவலர்களுமே ஆவர். கேட்கத் தெரிந்தவனுக்கே நல்ல பொருள் கிடைக்கும்.

முதலில் நாம் செல்லவேண்டிய இடம் ஜேர்மனி தேசத்துக் கொலோன் நகரம். அங்கே ஒரு பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்து வந்தவர் கியோர்க் சைமன் ஓம் என்பவர். வெவ்வேறு நீளமும் தடிப்பும் உடைய கம்பிகளை எடுத்து, அவற்றினூடே மின் எவ்வளவு ஓடுகின்றதென அவர் பொறுமையோடு அளந்தார். 1827ஆம் ஆண்டில் தமது முடிபை நூலாக வெளியிட்டார். கம்பி நீள நீள அது மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றல் பெருகும். கம்பி தடிக்கத் தடிக்க அவ்வாற்றல் குறையும். ஓடும் மின்னோட்டத்தைக் கம்பியின் தடையாற் பெருக்கினால், வழியிலே இழக்கப்படும் அழுத்தம் எவ்வளவு என்பது கிடைக்கும். அவர் நாட்டு அறிஞர் பலர் அந்நூலைத் தொடக்கத்திற் பொருட்படுத்தவில்லை. 1841ஆம் ஆண்டில் இலண்டன் வேத்தியற் கழகம் தனது கொப்பிளிப் பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. பிற்காலத்தில் தடையின் அலகும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

மலைநாட்டு மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. மலையுச்சி ஊற்றிலிருந்து குழாய்வழி இறங்கும் பீலித் தண்ணீரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குழாய் ஒடுக்கமாயும் நீளமாயும் இருந்து, வழிநெடுக லயங்களிலே பலர் நீர் பிடித்தால், கடைசி லயத்துக் குழாயிலே நீர் சொட்டுச் சொட்டாகவே விழும். ஊற்றிலே நீர் குறைந்துவிட்டது என்பதன்று காரணம்; வழியிலே வேகம் இழக்கப்பட்டது என்பதே காரணம். மின்கம்பியின் முனையிலுள்ள கடைசி மணியின் நிலையும் இதுவே.

ஓம் கண்ட உண்மையை ஏட்டளவிலே விடாது, மழையும் புயலும் குரங்கும் பறவையும் நிறைந்த கீழைத் தேசத்து வெளியிலே சோதித்தவர் வில்லியம் ஓஷோனெசி என்னும் ஐரிஷ் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராயிருந்த அவர் 1839ஆம் ஆண்டிலேயே அந்நகருக்கு அருகே தந்திக் கம்பி கட்டிப் பரிசோதனை நடத்தினார். 1851ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் துறைமுகம் நோக்கி அவர் அமைத்த தந்தி வழியிற் பயன்பட்டதைக் கம்பி என்பதினும் இரும்புக் கோல் என்பதே பொருந்தும். அதன் விட்டம் ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு. ஒரு மைல் நீளத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு தொன் நிறை வரும். மெல்லிய கம்பியைக் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் அது முதற் புயலிலேயே அறுந்திருக்கும். இரும்பு, செம்பைப் போல் மின்னை நன்கு கடத்துவதன்று; அந்தக் குறையையும் கோலின் தடிப்பு ஈடு செய்தது. கம்பியின் அளவைத் தெரியும்போது மின்னை மட்டும் நினைத்தல் போதாது, அக்கம்பி வாழப்போகும் இடத்தையும் நினைத்தல் வேண்டும் என்பது கல்கத்தா மருத்துவர் தந்த முதற் பாடம். 1858ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியபோது நமது நாடும் இந்தக் கம்பி யுகத்துட் புகுந்தது.

அதே 1858ஆம் ஆண்டில் உலகமே வியந்து நோக்கிய ஒரு முயற்சி அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலே நிகழ்ந்தது. அயர்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே கடலின் அடியிலே தந்திவடம் இடப்பட்டது. அவ்வடத்தின் உள்ளே சென்ற செப்புக் கம்பியின் நிறை கடல்மைல் ஒன்றுக்கு 107 இறாத்தல். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் தொம்சன், நெடுந்தூர வடத்துக்குத் தடித்த செம்பும் தடித்த மேலுறையும் வேண்டும் என்று கணிதத்தாற் காட்டியிருந்தார். கம்பனியின் மின்னியலாளராய் அமர்ந்தவர் வைல்ட்மன் வைற்ஹவுஸ். அவரும் தொழிலால் ஓர் அறுவை மருத்துவரே. மெல்லிய கம்பியே போதும், செய்தி செல்லாவிடின் அழுத்தத்தைக் கூட்டினால் ஆயிற்று என்பது அவர் கொள்கை.

வடம் இணைந்தது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு 98 சொற்களில் வாழ்த்துச் செய்தி விடுத்தார். அது மறுகரை சேர ஏறத்தாழ 16 மணி நேரம் சென்றது. செய்தி மங்க மங்க, வைற்ஹவுஸ் பெருந் தூண்டற் சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். செப்பைச் சூழ்ந்திருந்த மேலுறை கட்டாப்பேச்சா என்னும் மலாய நாட்டு மரப்பால். ஏற்கெனவே குறைகள் மலிந்திருந்த அவ்வுறை அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. சில வாரங்களுள் வடம் ஊமையாயிற்று. அரசாங்கமும் கம்பனியும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861ஆம் ஆண்டில் தனது அறிக்கையை வெளியிட்டது. 1866ஆம் ஆண்டில் வெற்றியோடு இடப்பட்ட வடத்திலே செம்பின் நிறை கடல்மைலுக்கு 300 இறாத்தலாகவும், மேலுறையின் நிறை 261 இறாத்தலிலிருந்து 400 இறாத்தலாகவும் உயர்த்தப்பட்டிருந்தன.

நேயர்கள் இங்கே இரண்டு உண்மைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கம்பியின் தடிப்பு, செய்தி மறுமுனையை வலிமையோடு சேர்கின்றதா என்பதைத் தீர்மானிப்பது. மேலுறையின் வோல்ற்றுத் தரம், கம்பி தன்மேல் வரும் அழுத்தத்தைத் தாங்கி உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது. ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யப் புகுந்தமையே 1858ஆம் ஆண்டின் பிழை. இன்றைக்குந் தீ அறிவிப்புக் கம்பியைத் தெரிபவன் கேட்கவேண்டிய முதலிரு கேள்விகளும் இவையே.

இனித் தீ அறிவிப்புக்கே வருவோம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்திலே வில்லியம் சானிங் என்னும் இளைஞர் இருந்தார். அவரும் மருத்துவப் பட்டம் பெற்றவர். தந்தி என்னும் புதுமையைத் தீயணைப்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1845ஆம் ஆண்டில் அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். மோசஸ் பார்மர் என்பவர் அவரோடு சேர்ந்துகொண்டார். பாடசாலை ஆசிரியராய் வாழ்க்கை நடத்திப் பின்னர் மின்னியலில் ஈடுபட்டவர் இவர். நகரெங்கும் தெருமுனைகளிலே பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். பெட்டியின் கைபிடியைச் சுழற்றினால் அதன் எண் தந்திக் குறிப்பாகத் தலைமை நிலையத்தைச் சேரும். அங்கிருந்து நகரத்து மணிகளெல்லாம் அவ்வெண்ணை அடிக்கும். 1852ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இவ்வமைப்பு இயங்கத் தொடங்கியது. உலகின் முதலாவது நகரளாவிய மின் தீ அறிவிப்பு இதுவே.

இத்தகைய அமைப்புகளிலே நாளடைவில் நிலைபெற்ற ஒரு நுட்பம் போற்றத்தக்கது. தீ உண்டானபோது மட்டும் கம்பியிலே மின் ஓடுமாயின், கம்பி முன்னரே அறுந்திருந்தாலும் யாரும் அறியார்; ஆபத்து வரும் நாளிலேதான் அது வெளிப்படும். ஆகவே, கம்பியிலே எப்பொழுதும் சிறிதளவு மின் ஓடிக்கொண்டே இருக்கச் செய்தனர். அது நின்றால், கம்பி அறுந்தது என்பது அக்கணமே தெரியும். காவற்காரன் உறங்கவில்லை என்பதற்கு அவன் இடையிடையே குரல் கொடுப்பது போன்றது இது. இன்றைய கட்டடங்களிலும் இம்முறையே வழங்குகின்றது. கம்பியின் கடைசி முனையிலே ஒரு சிறு தடையைப் பொருத்தி, அதனூடே ஓடும் மின்னைக் கட்டுப்பாட்டுப் பெட்டி இடைவிடாது கவனித்துக்கொண்டிருக்கும்.

ஆயினும் கருவியின் செம்மை மட்டும் நகரைக் காவாது. 1872ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் திகதி மாலை பொஸ்ரன் நகரின் வணிகப் பகுதியிற் பெருந் தீ மூண்டது. பொய் அறிவிப்பைத் தடுக்க வேண்டித் தெருப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன; திறப்புகள் காவலரிடமும் குறித்த சிலரிடமுமே இருந்தன. தீயைக் கண்டோர் பலர். பெட்டியைத் திறக்க வல்லோர் சிலர். முதல் அறிவிப்பு மணி ஒலிப்பதற்கிடையில் தீ நன்கு வளர்ந்துவிட்டது. 776 கட்டடங்கள் அழிந்தன. கம்பி அறாதிருந்தும் செய்தி பூட்டுக்குள்ளே அகப்பட்டுக் கிடந்தது.

மனிதன் கைபிடியைத் திருப்பும் வரை காத்திராது, வெப்பத்தைத் தானே உணர்ந்து அறிவிக்கும் கருவிக்கு 1890ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர்களுள் ஒருவர், தோமஸ் எடிசனின் உதவியாளராயிருந்த பிரான்சிஸ் அப்ரன். இவ்வாறு தெருவில் நின்ற தீ அறிவிப்பு, கட்டடத்துக்கு உள்ளே புகுந்தது. உள்ளே புகுந்ததும், எந்த அளவுக் கம்பி என்னும் கேள்வி ஒவ்வொரு மின்வினைஞன் முன்னும் எழுந்தது.

அளவு என்பதே அந்நாளில் ஒரு குழப்பம். கம்பி இழுக்கும் ஒவ்வொரு பட்டறையும் தனித்தனி இலக்கங்களை வழங்கி வந்தது. அமெரிக்கர் 1857ஆம் ஆண்டு முதல் ஓர் இலக்க வரிசையைப் பின்பற்றலாயினர். பிரித்தானியர் 1884ஆம் ஆண்டில் வேறொரு வரிசையைச் சட்டமாக்கினர். இரண்டிலும் இலக்கம் உயர உயரக் கம்பி மெலியும். இதுவே கற்பார்க்கு முதல் மயக்கம். இரண்டாவது மயக்கம் இன்னும் பெரிது. பிரித்தானிய 18ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் 1.22 மில்லிமீற்றர், அமெரிக்க 18ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் 1.02 மில்லிமீற்றர். வேற்றுமை அற்பமாய்த் தோன்றலாம். ஆனால் மின் ஓடுவது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பினூடே ஆதலின், அமெரிக்கக் கம்பி ஏறக்குறைய 30 சதவீதம் செம்பிலே குறைந்தது. அமெரிக்கக் கருவியோடு வந்த அட்டவணையைப் பிரித்தானியக் கம்பிக்கோ, அதன் மறுதலையாகவோ கொள்பவன் அடியிலேயே தவறிவிடுவான்.

நமது நாட்டிலே மூத்த மின்வினைஞர் இன்றும் 7/.029 என்று ஒரு கம்பியைக் குறிப்பிடுவர். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 29 பங்கு விட்டமுடைய ஏழு இழைகளை முறுக்கிய கம்பி என்பது அதன் பொருள். மெற்றிக்கு அளவை வந்தபின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மில்லிமீற்றரிற் கூறும் வழக்கம் நிலைத்தது. 1, 1.5, 2.5 என அவை செல்லும். இலக்கம் கூடினால் செம்பும் கூடும், மயக்கத்துக்கு இடமில்லை.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தீ அறிவிப்பு அமைப்புகளிற் பெரும்பாலானவை இன்று 24 வோல்ற்று அழுத்தத்தில் இயங்குகின்றன. 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டைத் தொடுத்தால் 24 வரும். தெருவிலே மின்சாரம் நின்றாலும் பற்றரி காக்கும். தொடுபவருக்கும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் குறைந்த அழுத்தம் ஒரு விலையைக் கேட்கின்றது.

ஒரு பாடசாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 200 மீற்றர் தூரத்தில் விடுதியின் மணிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். அவை ஒருங்கே ஒலிக்கும்போது 0.8 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். மின் போகவும் மீளவும் வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 400 மீற்றர். பற்றரி தளர்ந்த நிலையில் 20.4 வோல்ற்றே தரும் எனக் கொள்வது அமெரிக்கப் பொறியியலாளர் வழக்கம். மணி ஒலிப்பதற்குக் குறைந்தது 16 வோல்ற்று வேண்டும் எனக் கொள்வோம். ஆகவே, வழியில் இழக்கக்கூடியது 4.4 வோல்ற்று மாத்திரமே.

1 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு 18.1 ஓம். 400 மீற்றருக்கு 7.24 ஓம். அதனை 0.8ஆற் பெருக்கினால் இழப்பு 5.8 வோல்ற்று. கடைசி மணியைச் சேர்வது 14.6 வோல்ற்று, மணி ஒலியாது, அன்றேல் முனகும். 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு 12.1 ஓம். இழப்பு 3.9 வோல்ற்று; மணிக்குக் கிடைப்பது 16.5. தப்பியது என்று நாம் பெருமூச்சு விடலாம். ஆனால் இக்கணக்கு கம்பி 20 பாகை வெப்பத்திலே குளிர்ந்திருக்கும்போது செய்யப்பட்டது. செம்பு சூடேறினால் அதன் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். கம்பி 75 பாகை வரை சூடேறிவிட்டதாகக் கொண்டால் இழப்பு 4.7 வோல்ற்றாகி, மணிக்குக் கிடைப்பது 15.7 ஆகிவிடும். சோதனை நாளிலே கணீரென்று ஒலித்த மணி, தீ மூண்ட நாளிலே வாயடைத்து நிற்கும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியைத் தெரிந்திருந்தால் அந்தச் சூட்டிலும் 17.5 வோல்ற்றுக் கிடைத்திருக்கும்.

இந்த இடமே என் பேச்சின் உயிர்நிலை. தீ அறிவிப்புக் கம்பியை அளக்கவேண்டியது நல்ல நாளைக் கொண்டன்று. மின்சாரம் நின்று, பற்றரி தளர்ந்து, கூரையடி கொதித்து, எல்லா மணிகளும் ஒருங்கே ஒலிக்கவேண்டிய அந்தப் பொல்லாத வேளையிலே, மிகத் தொலைவிலுள்ள கடைசி மணிக்கு எவ்வளவு சேரும் என்பதே அளவுகோல். வீட்டு விளக்குக்கு வரும் 230 வோல்ற்றிலே 5.8 வோல்ற்று இழந்தால் விளக்கு சற்று மங்குவதைக்கூட நாம் அறியமாட்டோம். 24 வோல்ற்றிலே அதே இழப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வீட்டு மின் வேலையிலே பழகிய கண் இங்கே ஏமாறுவது இதனாலேயே.

அழுத்தத்துக்கும் கம்பித் தடிப்புக்கும் உள்ள இவ்வுறவின் மறுபக்கத்தை நமது மாவட்டத்திலேயே காணலாம். பொல்கொல்லையிலே திருப்பப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழி வந்து இறங்கும் உக்குவளை மின்னிலையம் 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்கே பிறக்கும் மின்சாரம் 1,32,000 வோல்ற்று அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டே மலைகளைக் கடந்து செல்கின்றது. அழுத்தம் உயர்ந்தமையால் மின்னோட்டம் குறைகின்றது. ஆகவே வழியிழப்பும் குறைகின்றது. தீ அறிவிப்புக் கம்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அழுத்தத்தை உயர்த்த இயலாதவிடத்துச் செம்பையே கூட்டுதல் வேண்டும்.

இப்பொழுது மேலுறைக்கு வருவோம். 24 வோல்ற்று ஓடும் கம்பிக்கு 300 வோல்ற்றுத் தாங்கும் உறை எதற்கு என்று சிக்கனம் விரும்புவோர் கேட்பதுண்டு. வோல்ற்றுத் தரம் என்பது கம்பியுள்ளே ஓடுவதைப் பற்றியது மட்டுமன்று. அக்கம்பி எதிர்கொள்ளக்கூடியதையும் பற்றியது. சுவரினுள்ளும் கூரையடியிலும் 230 வோல்ற்றுக் கம்பிகள் ஓடுகின்றன. எலி கடித்தோ, ஆணி பாய்ந்தோ, சூட்டில் உருகியோ அவை தீ அறிவிப்புக் கம்பியைத் தீண்டினால், மெல்லிய உறை கிழிந்து கட்டுப்பாட்டுப் பெட்டியே கருகிவிடும். அதனால் அமெரிக்க விதிகள் இக்கம்பிகளின் உறைக்கு, சுற்றின் வகையை நோக்கி, 300 அல்லது 600 வோல்ற்றுத் தரத்தை வேண்டுகின்றன. பிரித்தானிய வழக்கிலே 300/500 என்று பொறித்த கம்பிகள் பயன்படுகின்றன. முதலெண் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே தாங்குவது. இரண்டாவது கம்பிக்கும் கம்பிக்கும் இடையே தாங்குவது. அன்றியும், 1 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த கம்பி தீ அறிவிப்புக்கு ஆகாது என்பது பிரித்தானிய நியமம். மின்னுக்குப் போதுமாயினும் இழுக்கும்போது அறாத வலிமையும் வேண்டும் என்பதனாலேயே இந்த எல்லை. கல்கத்தா மருத்துவரின் இரும்புக் கோல் இங்கே நம் நினைவுக்கு வருகின்றது.

வோல்ற்றைத் தாங்கும் உறையும் தீயைத் தாங்குமா? இரப்பரும் பிளாத்திக்கும் தாங்கா. 1896ஆம் ஆண்டில் அர்னோல்ட் பொரெல் என்னும் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் செப்புக் கம்பியைச் செப்புக் குழாயினுள்ளே வைத்து, இடைவெளியைக் கனிமத் தூளால் நிரப்பும் முறைக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்திலே பைரோற்றெனக்ஸ் என்னும் கம்பனி 1937ஆம் ஆண்டில் அவ்வகைக் கம்பியை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதிலே எரிவதற்கு எதுவுமில்லை. உள்ளிருப்பது மகனீசியம் ஒட்சைட்டுத் தூள். பிற்காலத்திலே வேறு பல தீத்தாங்கு கம்பிகளும் தோன்றின. 950 பாகைச் சுவாலையிலே 3 மணி நேரம் மின்னைக் காத்து நிற்றல் பிரித்தானியச் சோதனைகளுள் ஒன்றாயிற்று. தான் எரிந்துகொண்டே பிறரை எழுப்பும் கடமை இக்கம்பிக்கு உண்டு.

இவையெல்லாம் வெறும் எண்கள் அல்ல. 1958ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆந் திகதி சிக்காகோ நகரிலே தேவதைகளின் அன்னை பாடசாலையில் மூண்ட தீயில் 92 மாணவரும் 3 கன்னியாஸ்திரிகளும் மாண்டனர். அப்பாடசாலையிலே மணி இருந்தது. ஆனால் அது தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. கட்டடத்துள் ஒலித்த மணி வெளியே செய்தியாகவில்லை. தமிழ்நாட்டிலே 2004ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி கும்பகோணத்துப் பாடசாலையொன்றின் சமையலிடத்திலே எழுந்த தீ ஓலைக் கூரையைப் பற்றி 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டது. ஓலைக் கூரையும் ஒடுக்கமான படியும் உள்ளவிடத்து மணி மட்டும் பிள்ளைகளைக் காத்துவிடாது. கூரையும் படியும் வாயிலும் மணியும் ஆகிய நான்கும் சேர்ந்தே காவல். ஆயினும், தீயைக் கண்ட கணத்துக்கும் கடைசிப் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைப்பது மணியின் வேலை. அந்த மணிக்கு உயிர் கொடுப்பது கம்பி.

மாத்தளையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளை நோக்குங்கள். ஒரே கூரையின்கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய லயன் வீடுகள். ஒரு வீட்டிற் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் போக அழைப்பு வேண்டாம். சூடான காற்றால் உலர்த்தப்படும் இலையும் தூசும் நிறைந்த தேயிலைத் தொழிற்சாலைகள். பிள்ளைகள் உறங்கும் விடுதிகள். இவ்விடங்களிலே தீ அறிவிப்பு அமைப்பொன்றைப் பொருத்த முன்வருவோரிடம் நாம் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். பற்றரி தளர்ந்து கம்பி சூடேறிய நிலையிலே கடைசி மணிக்கு எத்தனை வோல்ற்றுச் சேரும்? கம்பியின் உறை எத்தனை வோல்ற்றுக்குத் தரம் பெற்றது, வீட்டு மின்கம்பியிலிருந்து அது விலக்கி இடப்பட்டதா? தீயினுள்ளே அக்கம்பி எவ்வளவு நேரம் நிற்கும்? கம்பி அறுந்தால் அன்றே நமக்குத் தெரியுமா? இந்நான்குக்கும் எழுத்திலே விடை தருபவரிடமே வேலையை ஒப்புவித்தல் தகும்.

கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கொலோன் நகரத்து ஆசிரியர் தந்த பெருக்கற் கணக்கொன்றும், கடைசி அறையிலே உறங்கும் பிள்ளையின் நினைவும் போதும். அடுத்த முறை பாடசாலையிலே தீ ஒத்திகை நடக்கும்போது, மணியடிக்கும் பெட்டியின் அருகே எல்லோரும் நில்லாது, ஒருவராவது மிகத் தொலைவிலுள்ள அறைக்குச் சென்று செவி கொடுத்துப் பாருங்கள். அங்கே கேட்கும் ஒலியே உங்கள் கம்பியின் உண்மையான அளவு.